'ஃப்ரீ எனர்ஜி' ஜெனரேட்டர் உண்மையா? அறிவியல் சொல்லும் 'கட்டிலா ஆற்றல்' என்றால் என்ன?

பெட்ரோல் வேண்டாம், கரன்ட் பில் வேண்டாம், ஒரு முறை சுற்றிவிட்டால் போதும், வீடு முழுக்க லைட் எரியும். இப்படிச் சொல்லும் 'ஃப்ரீ எனர்ஜி' வீடியோக்கள் யூடியூப்பிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றி வருகின்றன. இதை நம்பிப் பணம் கொடுக்கலாமா? 'ஃப்ரீ எனர்ஜி' என்ற சொல் அறிவியலிலும் இருக்கிறது. ஆனால், அங்கே அதன் அர்த்தமே வேறு.

'ஃப்ரீ' என்றால் இலவசமா?

இல்லை. பிளஸ் 1 வேதியியலில் 'கட்டிலா ஆற்றல்' என்று வருமே, அதுதான் இது. ஒரு பொருளிடம் உள்ள ஆற்றலில், நாம் வேலை வாங்கக் கிடைக்கும் பங்குக்குத்தான் இந்தப் பெயர்.

சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஈஸியா புரியும். சம்பளம் 30,000 ரூபாய். பிடித்தம் எல்லாம் போக கைக்கு வருவது எவ்வளவு என்பதுதானே முக்கியம்? ஆற்றலுக்கும் அப்படி ஒரு பிடித்தம் உண்டு. அது வெப்பநிலையையும் 'என்ட்ரோபி'யையும் பெருக்கினால் வரும் தொகை. என்ட்ரோபி என்பது ஆற்றல் எந்த அளவுக்குச் சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு. மொத்தத்தில் இந்தப் பிடித்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது கட்டிலா ஆற்றல்.

இந்தப் பெயரை 1882-ல் வைத்தவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் வில்லார்டு கிப்ஸ் இதே வழியில் கணக்கு போட்டிருந்தார். கன அளவு மாறாத மூடிய பாத்திரத்துக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கு, அழுத்தம் மாறாத திறந்த சூழலுக்கு கிப்ஸ் கணக்கு பொருந்தும். உங்கள் மொபைல் பேட்டரி அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதைச் சொல்வதும் கிப்ஸ் கணக்குதான்.

ஆற்றல் அழியாது என்றால், சார்ஜ் ஏன் தீர்கிறது?

ஆற்றல் அழிவதில்லை என்பது சரிதான். பேட்டரியில் இருந்தது கடைசியில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அளவு அப்படியே இருக்கும், ஆனால் அதை வைத்து வேலை வாங்க முடியாது. தீர்ந்துபோனது ஆற்றல் அல்ல, கட்டிலா ஆற்றல்.

சுவரில் இருந்து 480 வாட்!

சூடு உள்ள எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டிய தெர்மாமீட்டர் அளந்தது இதைத்தான். இதற்கான விதியை 1879-ல் ஸ்டெஃபான் கண்டறிந்தார். 1884-ல் போல்ட்ஸ்மேன் அதை வெப்ப இயக்கவியல் மூலம் நிறுவினார். இந்த விதிப்படி, 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கருமையான பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 480 வாட் கதிர்வீச்சை வெளியிடும். சாதாரண சீலிங் ஃபேன் ஆறு ஓட்டலாம்!

அப்படின்னா நம்ம வீட்டுச் சுவரில் இருந்தே கரன்ட் எடுக்கலாமே? முடியாது. சுவர் கொடுக்கும் அதே அளவை எதிர்ச் சுவரும், தரையும், கூரையும் திருப்பிக் கொடுக்கின்றன. எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது வேலைக்குக் கிடைக்கும் பங்கு பூஜ்ஜியம். மேடு பள்ளம் இல்லாத குளத்துத் தண்ணீரில் டர்பைன் சுற்றாது என்பது போலத்தான் இதுவும்.

சோலார் பேனல் மட்டும் எப்படி?

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். பூமியோ அதைவிடப் பல மடங்கு குளிர்ச்சி. இந்த வித்தியாசம்தான் சொத்து. நல்ல வெயிலில் மதியம் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். சுவரின் கதிர்வீச்சைப் போல இரண்டு மடங்குதான். ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் வேலைக்குத் தகுந்தது என்கிறது கோட்பாட்டுக் கணக்கு. இப்போதைய வீட்டு பேனல்கள் அதில் சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுகின்றன.

வீடியோவில் எப்படி ஓடுகிறது?

மோட்டார் ஒரு கனமான சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மோட்டாருக்கே கரன்ட் கொடுக்கும். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் உராய்வு, கம்பிச் சூடு என ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். சக்கரம் ஆற்றலை உருவாக்காது, முதலில் கொடுத்த சுற்றைச் சேமித்து மட்டுமே வைக்கும். அது தீர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். நிற்காமல் லைட் எரிந்தால், எங்கோ ஒரு பேட்டரியோ வயரோ மறைந்திருக்கிறது. தானாக ஓடும் இயந்திரங்களை இனி பரிசீலிக்க மாட்டோம் என்று பாரிஸ் அறிவியல் அகாடமி 1775-லேயே கதவைச் சாத்திவிட்டது.

வாங்கும் முன் என்ன கேட்கலாம்?

- வெயில், காற்று, தண்ணீர், எரிபொருள், பேட்டரி: இவற்றில் எதிலிருந்து ஆற்றல் வருகிறது?
- எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, முழு லோடில், உங்கள் கண் முன்னால் சில நாட்கள் தொடர்ந்து ஓட்டிக் காட்டுவார்களா?

முதல் கேள்விக்கு 'எதிலிருந்தும் இல்லை' என்று பதில் வந்தால், இரண்டாவது கேள்விக்கே அவசியமில்லை. பணத்தை எடுக்காமல் கிளம்பி வந்துவிடலாம்.