எதால வகுத்தாங்க?

காணையில ஒருத்தருக்கு ஆபரேஷன்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, விழுப்புரத்துல ஒரு தனியாரா? கூகுள் ஸ்டாரை விட இறப்பு விகிதம் பார்க்கலாமேன்னு தோணும்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1863-லயே அதைப் போட்டாங்க. அவங்க புத்தகத்துல லண்டனின் 24 மருத்துவமனைகளுக்கு இறப்பு விகிதம் 90.84 சதவீதம்! நூறு பேர் போனா தொண்ணூறு பேர் செத்துட்டாங்களா? இல்லை. 1861 முழுக்க நடந்த மரணங்களை, ஒரே ஒரு நாள் படுக்கையில இருந்தவங்க எண்ணிக்கையால வகுத்த கணக்கு அது. வருஷம் முழுக்க சேர்ந்த நோயாளிகளால வகுத்திருந்தா பல மடங்கு குறைஞ்சிருக்கும். அப்பவே மருத்துவர்கள் இதை எதிர்த்து எழுதினாங்க.

கோடு எழுதுற எனக்கு இது பழகின பிழை: வகுக்கிற எண் தப்புன்னா டேஷ்போர்டே பொய்.

சரியா வகுத்தாலும் இன்னொரு கேள்வி இருக்கு. முண்டியம்பாக்கம், மத்தவங்க ரெஃபர் பண்ற சீரியஸ் கேஸ்கள் வந்து சேர்ற இடம். அங்க மரணம் கூடுதலா தெரியலாம். அதனால சிகிச்சை மோசம்னு ஆகாது. சதவீதம் பார்த்தா முதல்ல கேளுங்க: எதால வகுத்தாங்க? எந்த நிலைமையில வந்தவங்க?