வாக்கான்: ஒட்டவிடாமல் போட்ட கீற்று

ஆப்கானிஸ்தானின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு கை நீண்டுபோய்ச் சீனாவைத் தொடுகிறது. நீளம் சுமார் 350 கி.மீ.; சில இடங்களில் அகலம் 20 கி.மீ.கூடத் தேறாது. இதுதான் வாக்கான்.

காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங், 7-ஆம் நூற்றாண்டில் சீனா திரும்பியது இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான். கடலே இல்லாத ஆப்கன் மண்ணுக்கு அப்போது அதுவொரு குறையாகவே இல்லை. வணிகம் நிலத்தில் நடந்தது. வழி அவர்களிடம் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் கதை மாறியது. 1865-ல் தாஷ்கண்ட், 1868-ல் சமர்கண்ட், 1884-ல் மெர்வ் என்று ரஷ்யா தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. இந்தியா கைநழுவிவிடுமோ என்று பிரிட்டனுக்குக் கிலி. 1891 ஆகஸ்டில் பாமீர் மலையில் போசாய் கும்பாஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்டும் ரஷ்யக் கர்னல் யோனோவும் எதிர்ப்பட்டார்கள். ரஷ்யக் கூடாரத்தில் வோட்காவுடன் விருந்து நடந்தது. சில நாள்களில் அதே யோனோவ் திரும்பி வந்து, "இது ரஷ்ய நிலம், வெளியேறுங்கள்" என்றார். விருந்து வைத்த கையாலேயே வெளியேற்றம்! லண்டன் கொதித்தது, ரஷ்யா பிறகு வருத்தம் தெரிவித்தது.

இனி இரண்டு எல்லைகளும் ஒட்டவே கூடாது என்று முடிவாயிற்று. நடுவில் இருக்கட்டும் என்று வாக்கானை ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மானின் தலையில் கட்டினார்கள். காவல் காக்கவும் முடியாத, வருமானமும் இல்லாத அந்த மலைக்கீற்றில் அவருக்கு ஆசையில்லை. 1893-ல் பிரிட்டிஷ் அதிகாரி மார்ட்டிமர் டூரண்ட் காபூலில் செய்த உடன்படிக்கையோடு, அமீருக்குப் பிரிட்டன் தந்த ஆண்டு மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமாக உயர்ந்தது. 1895-ல் எல்லைக் கமிஷன் சோர்குல் ஏரியிலிருந்து கிழக்கே கல் நட்டுக்கொண்டே போனது.

அடி விழுந்தது கிர்கிஸ் மேய்ப்பர்களுக்கு. கோடையில் மட்டும் இங்கே ஆடு, யாக் மேய்த்துவிட்டுக் குளிருக்குத் தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இறங்கியவர்கள் அவர்கள். சோவியத் எல்லையும், 1949-க்குப் பின் சீன எல்லையும் மூடப்பட, உறைபனியிலும் மேலேயே கிடக்க வேண்டியதாயிற்று. 1978-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ரஹ்மான் குல் தலைமையில் பாகிஸ்தானுக்குப் போனார்கள். 1982-ல் துருக்கியில் குடியேறினார்கள்.

நாற்சந்தியில் வீடு இருப்பது பெருமைதான். ஆனால் ஆப்கானியர்களைக் கேட்டு யாரும் அங்கே எல்லைக் கல் நடவில்லை. அதைவிடப் பெரிய கோடு தெற்கே விழுந்தது. அந்த டூரண்ட் கோடு அடுத்த வாரம்.