துரையின் காரும் தோட்டத்துக் கைகளும்



மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியைப் பற்றி எழுதினார்கள். தேயிலையைப் பற்றி எழுதினார்கள். புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய கதையை எழுதினார்கள். லயத்தைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் நம்மவர் எழுதியவை இன்று ஒரு சிறு நூலகமாகவே திரண்டிருக்கின்றன. ஆனால் பெரிய துரையின் பங்களாவுக்குப் பின்புறத்தில் தகரக்கூரை போட்ட கராஜ் ஒன்று இருந்ததே, அதற்குள் என்ன நடந்தது? நான் படித்த மலையகச் சிறுகதைகளிலே துரையின் கார் அடிக்கடி வரும். கொழுந்துக் கூடையோடு வருகிற பெண் பாதையோரமாக ஒதுங்கி நிற்பாள். புழுதி அடங்கும், கதை மேலே செல்லும். அந்தக் காரை அன்று விடியற்காலையில் பனிக்குளிரிலே தள்ளி உயிர்ப்பித்தவன் மட்டும் கதைக்குள் வரமாட்டான்.

அவனைத் தேடிப் போவதே இன்றைய பேச்சு.

இலண்டனிலிருந்து கப்பலேறி வந்த சின்னதுரைமாருக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். தோட்டத்தில் தனிமை, கிளப்புக்குப் பல மைல் தூரம், வளைந்து வளைந்து ஏறும் பாதை. அவர்களிற் சிலருக்கு விருப்பமாயிருந்தது இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலக் களியாட்டங்களோடு சேர்ந்து வரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பாதையிலே, நேரங் கணக்கிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஏறும் பந்தயம் அது. துரை பந்தயத்தில் வெல்வதும் தோற்பதும் சனிக்கிழமை இரவு கராஜில் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைப் பொறுத்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் அரசகுமாரருக்கென்று தனியே வார்த்தெடுத்த பொறி என்று எண்ணிவிடக்கூடாது. ஆங்கிலேயன் சிக்கனக்காரன். 1929இல் விற்பனைக்கு வந்த முதலாவது எம்.ஜி. மிட்ஜெட் என்பது, அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த மொரிஸ் மைனர் என்னும் குடும்பக் காரின் இயந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் சற்றே திருத்தி, மேலே அழகான உடம்பைப் பூட்டியது. யுத்தத்துக்குப் பிறகு, 1948இல், அதே பெயரில் முற்றிலும் வேறான ஒரு மொரிஸ் மைனர் வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. நம் நாட்டுத் தெருக்களிலே டாக்டர்மாரும் ஆசிரியர்மாரும் ஓட்டித் திரிந்த, வண்டின் முதுகு போன்ற கார். 1958இல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வந்தபோது அதன் இரு விளக்குகளும் மூடியின் மேலே துருத்திக்கொண்டு நின்றன. தவளைக்கண் என்று ஆங்கிலேயரே அதற்குப் பட்டப்பெயர் வைத்தனர். பின்புறச் சாமான் பெட்டிக்குத் தனி மூடி கிடையாது. கதவுக்கு வெளிப்பிடி கிடையாது. இயந்திரமோ 948 சி.சி.; ஒஸ்டின் ஏ-35இலிருந்து எடுத்து, இரண்டு காபுரேட்டர் பூட்டியது. ஸ்டியரிங் றாக் மொரிஸ் மைனருடையது!

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? துரையின் பகட்டான காரும் சந்தியில் நிற்கும் வாடகைக் காரும் எலும்பளவில் உறவுக்காரர். ஒன்றைத் திறந்து பார்த்த கை மற்றதையும் திறக்கும். தோட்டத்துக் கை அந்த உறவைக் கண்டுபிடித்ததில்தான் என் வரலாறு தொடங்குகிறது.

அந்தக் கை எங்கே பழகியது? கார்க் கம்பனியிலா? இல்லை, தேயிலை ஸ்டோரில். தொழிற்சாலையை மலைநாட்டில் ஸ்டோர் என்றுதானே சொல்வோம். ஜாக்சன் அமைத்த முறையிலான உருளைப்பொறிகளும், பெல்பாஸ்ற்றிலிருந்து டேவிட்சன் கம்பனியார் அனுப்பிய சிறொக்கோ உலர்த்திகளும், கூரையடியில் நீளமாகச் சுழலும் தண்டும், அதிலிருந்து இறங்கும் தோற்பட்டிகளுமாக அது ஒரு பெரிய பொறிச்சாலை. கொழுந்து வந்து குவிந்துவிட்டால் பொறி நிற்கக் கூடாது. நின்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ ஆளனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. இரவோடிரவாக அங்கேயே சீர்செய்தாக வேண்டும். சுழலும் தண்டு தாங்கியிருக்கும் பேரிங்குகளிலே வெள்ளை உலோகம் தேய்ந்துபோனால், பழையதை உருக்கி எடுத்து, ஓட்டைச் சுத்தஞ்செய்து ஈயம் பூசி, புதிதாக வார்ப்பார்கள். பிறகு தண்டிலே நீலமை தடவிச் சுழற்றிப் பார்த்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி மை, மறுபடி சுரண்டல். யுத்தத்திற்கு முந்திய சிறிய கார்களின் இயந்திரத்திலும் பல பேரிங்குகள் இதே வெள்ளை உலோக வார்ப்புத்தான். ஸ்டோரிலே பெரிய தண்டுக்குச் செய்ததை, பங்களாக் கராஜிலே விரல்மொத்தத் தண்டுக்குச் செய்ய வேண்டியதுதான். அளவு சிறுத்தது, வித்தை அதே வித்தை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 1945இல் வந்த எம்.ஜி. டி.சி. காரின் இயந்திரத்திலுள்ள போல்ட்டுகளின் மரை பிரெஞ்சு மெட்ரிக் அளவு. தலை மட்டும் ஆங்கிலேய விற்வேர்த் ஸ்பனருக்குப் பொருந்தும் அளவு. காரணம் பழைய கதை. முதலாம் உலக யுத்தத்தின்போது ஹொட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுதக் கம்பனி இங்கிலாந்தின் கொவென்றியில் தொழிற்சாலை அமைத்தது. யுத்தம் முடிந்தபின் மொரிசுக்கு இயந்திரம் செய்து கொடுத்தது. 1923இல் மொரிஸ் அதனை வாங்கிக்கொண்டார். பொறிகளெல்லாம் பிரெஞ்சு மரை வெட்டும் பொறிகள். அவற்றை எறிய மனமில்லாமல் மரையை அப்படியே விட்டு, தலையை மட்டும் ஆங்கிலமாக்கினார்கள். ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஸ்பனர் சரியாகப் பிடிக்கிறதே என்று நம்பிக் கைக்குக் கிடைத்த ஆங்கில போல்ட்டை முறுக்கினால் மரை அறுந்து போகும். புத்தகம் பார்க்காதவனுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? ஒருவன் விரலாலே உணர்ந்து, தன் உதவியாளனுக்குச் சொல்லிவைத்தால்தான் உண்டு. நம் இலக்கண ஆசிரியர்கள் விதிவிலக்குகளை மனனம் பண்ணிவைத்தது போலத்தான் இதுவும்.

மலையிலே கார் வைத்திருப்பது கடற்கரையில் வைத்திருப்பது போன்றதன்று. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஐந்திலொரு பங்களவு குறைவு. கொழும்பிலே சரியாக ஓடிய கார் இங்கே வந்ததும் இருமும், பிளக் கரிபிடிக்கும். காற்று மெலிந்துவிட்டது, பெற்றோல் மட்டும் பழைய அளவிலே வருகிறது. எஸ்.யு. காபுரேட்டரின் அடியில் ஒரு நட் உண்டு. அதை மேல்நோக்கித் திருகினால் பெற்றோல் குறையும். பக்கத்திலுள்ள சிறு ஊசியை மெல்ல உயர்த்தும்போது இயந்திரத்தின் சத்தம் கூடிக்கொண்டே போனால் பெற்றோல் அதிகம். உடனே அடங்கி நின்றுவிடப் பார்த்தால் குறைவு. கணநேரம் சற்றே கூடி மறுபடி நிதானத்துக்கு வந்தால் சரி. இதற்குக் கருவி வேண்டாம். காது போதும்.

பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். வால்வின் இடைவெளி, ஸ்பிரைட்டுக்கும் மைனருக்கும், 0.012 அங்குலம். இந்த எண்களைத் தமிழிலே "இருபத்தஞ்சு", "பன்னெண்டு" என்று மட்டும் சொல்வார்கள். ஆயிரத்தில் எத்தனை, அங்குலமா மில்லிமீற்றரா என்ற கேள்வியே எழாது. முன்சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னுக்கு ஆயிரம் மைலுக்கொரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது கம்பனிக் கட்டளை; மழைநாளில் அதற்கு முன்னமே அடித்துவிடுவது மலைநாட்டு வழக்கம். பழைய ஆங்கிலக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. அதை அறியாமல் பற்றரியை மாற்றிப் பூட்டினால் டைனமோவுக்குக் கேடு.

எல்லாவற்றிலும் கொடியது ஈரம். எம்.ஜி. டி வரிசைக் கார்களின் உடம்புக்குள்ளே ஆஷ் மரச்சட்டம் இருக்கிறது; தகடு அதன்மேல் அறையப்பட்ட தோல். மாதக்கணக்காக மூடுபனிக்குள் நிற்கும் வண்டியிலே மரம் உளுத்துவிடும், கதவு தொங்கிவிடும். ஆஷ் மரத்துக்கு இங்கே எங்கே போவது? கிடைத்த உள்ளூர் மரத்தை இழைத்து, பழைய துண்டை அச்சாக வைத்து, தோட்டத்துத் தச்சர் செதுக்கிக் கொடுப்பார். ஸ்பிரைட்டிலோ மரமில்லை, தரைத்தகடும் கதவடித் தகடுமே வண்டியின் முதுகெலும்பு. அங்கே துரு ஏறினால் வண்டி நடுவிலே தொய்யும். கதவு மூட மறுப்பதுதான் முதல் அறிகுறி.

றம்பொடைப் பக்கமாக இறங்குவோருக்குப் பிரேக்கின் அருமை தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறிப் பிடியிழக்கும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிமாரின் வேதவாக்கு. பிரேக்கின் உள்ளேயிருக்கும் இறப்பர் வளையங்களுக்கு இயந்திர எண்ணெய் பகை. தவறி ஊற்றினால் உப்பிப் பெருத்துப் பிரேக் இறுகிவிடும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் பால் வடித்துக் கப்பலேற்றிய நாட்டிலே, ஒரு கட்டத்தில் இந்தச் சின்னஞ்சிறு இறப்பர் வளையத்துக்குப் பஞ்சம் வந்ததை என்னவென்று சொல்வது!

அந்தக் கட்டம் எப்போது வந்தது என்றால், 1960களின் தொடக்கத்தில். அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி முடங்கியது, உதிரிப்பாகங்களும் அருகின. வெளிநாட்டுக்குப் போகும் துரைமார் காரை விற்றுவிட்டுப் போனார்கள். கணக்கப்பிள்ளையும் டீமேக்கரும் ஊர் முதலாளியும் வாங்கினார்கள். இனிமேல் புதிதாக எதுவும் வராது. இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். தோட்டத்துக் கைகளுக்கு இதைவிடத் தேவை ஏற்பட்ட காலம் வேறில்லை.

அதே பத்தாண்டிலேதான், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏறத்தாழ 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று இரு நாடுகளும் பங்கிட்டன. அந்த எண்களுக்குள்ளே கொழுந்து பறிப்பவர் மட்டுமா இருந்தனர்? பிற்றர் இருந்தார், சாரதி இருந்தார், கொல்லர் இருந்தார், தச்சர் இருந்தார். இயந்திரத்தின் பாகம் வர மறுத்த நாட்டிலிருந்து, அந்தப் பாகத்தைத் தன் கையாலே செய்யவல்லவன் தலைமன்னாருக்கு ரயிலேற்றப்பட்டான். இந்த இழப்பை எந்தக் கணக்கேட்டிலும் நான் கண்டதில்லை. காருக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது. அவனுக்கோ 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு பிரஜாவுரிமையே இல்லாமற் போயிருந்தது.

எஞ்சியவர்கள் இருந்தார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது பங்களாக் கராஜ்கள் பல பூட்டப்பட்டன. கைகள் கடைத்தெருவுக்கு வந்தன. தோட்டக் கராஜ் வேலை பழகியவர்கள் சந்தியோரங்களில் சிறு கராஜ்கள் வைத்தனர்.

இதே காலத்துக்குச் சற்றுப் பிந்தி வடக்கிலும் இந்த வித்தை உச்சத்தைத் தொட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் பொன்னாயிற்று. மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிறிட்ஜும் சில துளி பெற்றோலிலே உயிர்த்து, மண்ணெண்ணெயிலே ஓடின. நவீனக் கார் எதுவும் அதற்கு இசைந்திருக்காது. தெற்கிலோ அதே 1990களில் இன்னொரு திருப்பம்: இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியோடு, மைனருக்கான பாகங்கள் இலங்கையிலே கையாற் செய்யப்பட்டுப் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின. கற்றுக்கொடுத்தவன் வீட்டுக்குக் கற்றவன் சாமான் அனுப்பினான்.

1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. பழைய ஆங்கிலக் காரை இரும்பு விலைக்குக் கொடுத்தோர் பலர். பிறகு காலம் திரும்பியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழிதிறந்தது. இடையிலே, 2022இல், பெற்றோல் வரிசைகளிலே நாம் நின்றதும் மறக்கக்கூடியதன்று. பழைய கராஜ்களின் கதவை மறுபடி தட்டத் தொடங்கினார்கள்.

ஹற்றனுக்கு அண்மையில் அப்படியொரு கராஜிலே, எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவரைச் சந்தித்தேன். தகப்பன் ஸ்டோரிலே பிற்றராக இருந்தவராம். முன்னே ஒரு ஸ்பிரைட், மூக்கைத் தூக்கி வாயைத் திறந்தபடி நின்றது. கொழும்புக்காரர் ஒருவருடையது.

"ஐயா, இதுக்குப் புத்தகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"கொழும்பு தொர ஒண்ணு குடுத்தாரு சேர். இங்கிலீசு. பேரன் வந்தா வாசிப்பான்."

"நீங்க எதைப் பார்த்துச் செய்யிறீங்க?"

"அப்பா சொன்னத." பேசிக்கொண்டே, பலகைமேல் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளிலே ஒவ்வொரு வாஷரையும் எடுத்த ஒழுங்கிலே அடுக்கினார். இடமிருந்து வலமாக, வரி போலே. "கழட்டுன வரிசையில வச்சா, பூட்டுறப்போ பின்னால இருந்து வாசிக்கலாம் சேர்."

பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவானாம். மற்ற நாட்களில் கொழும்பிலே, கணினியைப் பூட்டிக் குறை கண்டுபிடிக்கும் ஒரு கராஜில் வேலை. அவன் இப்போதுதான் காதாலே காபுரேட்டர் பார்க்கப் பழகுகிறான்; ஊசியை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு.