தளபதிக்கு அடுத்த நாற்காலி

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போர்களைப் பேசும்போது தளபதிகளின் பெயர்கள்தான் முன்னால் வரும். அவர்களுடைய உதவி அதிகாரிகள் குதிரையேறிக் கடிதம் சுமந்தவர்கள் என்ற அளவில் நின்றுவிடுவார்கள். லூயி அலெக்சாந்தர் பெர்த்தியேயின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கணக்கு பொருந்தவில்லை. 1753இல் வெர்சாயில் பிறந்தவர். தந்தை அரசரின் நில அளவைப் பொறியாளர். மகன் கற்றதும் அதே தொழில்தான். 1780இல் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போய், அங்கே பிரெஞ்சுப் படைத்தலைவரான ரோஷாம்போவின் உதவி அதிகாரிகளுள் ஒருவரானார். மறு ஆண்டு ஜூனில் பிராவிடென்ஸிலிருந்து நான்கு ரெஜிமென்டுகள் நாளுக்கு ஒன்றாகக் கிளம்பின. ஒன்று காலி செய்த இடத்தில் அடுத்தது வந்து தங்கும். ஆறு, சரிவு, காடு தெரியாமல் இப்படி நகர முடியாது. பெர்த்தியே வரைந்த பாதைப்படங்களும் முகாம்படங்களும் இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்த அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

1789இல் வெர்சாய் தேசியக் காவல்படையில் பொறுப்பேற்றவர், 1791இல் அரசரின் அத்தைமார் நாட்டைவிட்டு வெளியேற உதவினார். மறு ஆண்டே பதவி போயிற்று. ஆனாலும் 1795இல் குடியரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருடைய அரசியலை மெச்சி அழைத்ததாகத் தோன்றவில்லை. 1793இன் கட்டாய ஆள்சேர்ப்பு பல லட்சம் பேரைப் படையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அத்தனை பேருக்கும் பாதையும் ரொட்டியும் ஆணையும் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டும். அதற்கான கைத்திறன் பழைய அரசப் படையில் பயின்றவர்களிடம்தான் இருந்தது. புரட்சி, அதிகாரிகளின் குலத்தையும் கொடியையும் மாற்றியது. அந்தத் திறனை மட்டும் கடன் வாங்கியது. 1796இல் இத்தாலியில் நெப்போலியன் போனபார்ட்டிடம் சேர்ந்த பெர்த்தியே 1814வரை அவருடைய வாய்மொழியை எழுத்தாணைகளாக்கிக்கொண்டிருந்தார்.

வெறும் எழுத்தர்தானே என்று கேட்பவர்கள் 1809 ஏப்ரலைக் காட்டுவார்கள். நெப்போலியன் வந்துசேருமுன் பவேரியாவில் பெர்த்தியே படையைச் சிதறவிட்டார் என்பது உண்மைதான். பாரிஸிலிருந்து வந்த ஆணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை. தளபதியாக அவர் தோற்றார் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் செய்துவந்த வேலை தளபதியின் வேலையில்லை என்றுதானே அது காட்டுகிறது? 1815 ஜூன் 1 அன்று பாம்பெர்க்கில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். விபத்தா தற்கொலையா என்ற சண்டை ஓயவில்லை. நெப்போலியனிடம் அவருடைய இடத்தில் அப்போது இருந்தவர் மார்ஷல் சூல்ட். ஜூன் 16 அன்று நெப்போலியனின் தளபதி டெர்லோனின் சுமார் 20,000 வீரர்கள் லிக்னி, காத்ர்-பிரா போர்க்களங்களுக்கு இடையே அலைந்து, இரண்டு போரிலும் கலந்துகொள்ளாமல் பொழுதைக் கழித்தார்கள். பழியைச் சூல்ட் ஒருவர்மேல் போடுவது நியாயமில்லை. அவர்களைப் பாதிவழியில் திருப்பி அழைத்தவர் இன்னொரு மார்ஷலான நே.