ஐக்கிய அமெரிக்கச் சனநாயகமும் உட்பகையும்: ஒரு வரலாற்று நோக்கு

1838ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இலினோய் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, 28 வயதினரான ஆபிரகாம் லிங்கன் இளைஞர் மன்றமொன்றில் உரை நிகழ்த்தினார். அமெரிக்கக் குடியரசுக்கு அழிவு கடல் கடந்து வரும் பகைவனால் நேராது. நேருமாயின் அது நாட்டினுள்ளிருந்தே தோன்றும் என்பது அவ்வுரையின் சாரமாகும். முந்திய நவம்பரிலேதான் அடிமைமுறையை எதிர்த்து எழுதிய பத்திரிகையாசிரியர் இலைஜா லவ்ஜோய் என்பார் அதே மாநிலத்தின் ஓல்ற்றன் நகரிற் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டிருந்தார். சட்டத்தை மதியாத கும்பலையும், அதனைத் தண்டியாது விடும் சமுதாயத்தையும் லிங்கன் அஞ்சினார். வள்ளுவர் உட்பகைக்குத் தனி அதிகாரம் வகுத்தமையின் பொருத்தம் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1789 முதல் ஒரே அரசியல் யாப்பின்கீழ் ஆளப்பட்டுவரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1864இற்கூட அங்கு சனாதிபதித் தேர்தல் தவறவில்லை. இதனால், அந்நாட்டுச் சனநாயகம் இடையறாது வளர்ந்த ஒன்றென்றும், அதற்கு நேரும் ஆபத்து எதுவாயினும் அது முன்னொருபோதும் கண்டிராதது என்றும் கருதுவோர் பலர். வரலாற்று மாணவர் இக்கருத்தை ஏற்றல் அரிது. ஏனெனில், அந்நாட்டின் தென் மாநிலங்களிலே சனநாயகம் ஒருமுறை நிறுவப்பட்டு, பின்னர் படிப்படியாக அழிக்கப்பட்டது. அவ்வழிவு எவ்வாறு நிகழ்ந்ததென்பதை ஆராய்வதே இன்றைய ஆபத்துக்களை அளவிடுவதற்கு உற்ற வழியாகும்.

உள்நாட்டுப் போரின் முடிவில் ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது; 1868இல் வந்த பதினான்காவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமபாதுகாப்பையும் அளித்தது; 1870இல் வந்த பதினைந்தாவது திருத்தம் இனங்காரணமாக வாக்குரிமை மறுக்கப்படுவதைத் தடைசெய்தது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஹைறம் றெவெல்ஸ் செனற் சபையில் அமர்ந்த முதலாவது கறுப்பினத்தவரானார். புனரமைப்புக் காலம் எனப்படும் இக்காலத்திற் கறுப்பினத்தவர் சட்டசபை உறுப்பினராகவும், நீதவானாகவும், கல்விச்சபை அங்கத்தவராகவும் பணியாற்றினர். தென் மாநிலங்கள் பலவற்றில் அரசாங்கப் பாடசாலை முறை வேரூன்றியதும் இக்காலத்திலேயே ஆகும்.

இவ்வமைப்பின் மீது தொடுக்கப்பட்ட முதற்றாக்குதல் வன்முறை வடிவில் வந்தது. 1872ஆம் ஆண்டு லூசியானா மாநிலத் தேர்தலின் முடிவு பிணக்குக்குள்ளாயிற்று. 1873 ஏப்ரல் 13ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொல்பக்ஸ் என்னுமூரின் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பினத்தவரை ஆயுதந் தாங்கிய வெள்ளையர் தாக்கினர். சரணடைந்த பின்னரும் பலர் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை 60 முதல் 150 வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகின்றது. சமஷ்டிச் சட்டத்தின்கீழ் மூவரே குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1876இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பையும் தள்ளியது. பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனிமனிதரைக் கட்டுப்படுத்தாது என்பது நீதிமன்றம் கூறிய நியாயமாகும். கொலையுண்டோர் தம்மைக் காக்குமாறு மாநில அரசையே நாடவேண்டியவராயினர். அம்மாநில அரசோ கொலைஞரின் நண்பர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு நடைபெற்ற சனாதிபதித் தேர்தல் இரண்டாவது அடியாயிற்று. சனநாயகக் கட்சி வேட்பாளர் ரில்டன் 184 தேர்வாளர் வாக்குகளும், குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹேய்ஸ் 165 வாக்குகளும் பெற, 20 வாக்குகள் பிணக்குக்குட்பட்டன. காங்கிரஸ் நியமித்த 15 பேர் கொண்ட ஆணைக்குழு எட்டுக்கு ஏழு என்ற வாக்குக்கணக்கில் அவையனைத்தையும் ஹேய்சுக்கு வழங்கியது. 1877இற் பதவியேற்ற ஹேய்ஸ், தென் கரோலினா, லூசியானா அரசாங்க மனைகளைக் காத்துநின்ற சமஷ்டிப் படையினரை மீட்டுக்கொண்டார். இதற்கு முன்னரே ஒப்பந்தம் ஏதும் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், வாக்குரிமையைக் காக்கும் உறுதி தலைநகரில் தளர்ந்துவிட்டதென்பதில் ஐயமில்லை.

மூன்றாவது கட்டம் சட்டத்தின் வழியே வந்தது. பதினைந்தாவது திருத்தத்தின் ஓர் எழுத்தையும் எவரும் நீக்கினாரல்லர். 1890இல் மிசிசிப்பி இயற்றிய புதிய யாப்பு இனத்தைப் பற்றி யாதுங் கூறாது, தலைவரியையும், யாப்பின் பகுதியொன்றை வாசித்தோ பொருள்கூறியோ காட்டவேண்டுமென்ற சோதனையையும் வாக்காளர் மீது விதித்தது. சோதிப்பவர் வெள்ளையரான அலுவலரே. 1898இல் லூசியானா, 1867 சனவரி முதல் நாளிலோ அதற்கு முன்னரோ தந்தையோ பாட்டனோ வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தாற் சோதனையின்றிப் பதியலாம் என விதித்தது. அந்நாளில் அங்கு கறுப்பினத்தவர் எவருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. இவற்றின் விளைவு, 1896இல் 130,334 ஆக இருந்த லூசியானாவின் கறுப்பின வாக்காளர் தொகை 1904இல் 1,342 ஆக வீழ்ந்தமையாகும். வறிய வெள்ளையர் பலரும் தலைவரியால் வாக்கிழந்தனர் என்பதும் மறத்தற்குரியதன்று.

வட கரோலினாவின் வில்மிங்ரன் நகரில் நிகழ்ந்தது இவற்றினுங் கொடியது. அங்கு கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்த நகர ஆட்சி நடைபெற்றுவந்தது. 1898 நவம்பர்த் தேர்தலில் நகர சபைப் பதவிகள் போட்டிக்குரியனவாக இருக்கவில்லை. ஆகவே நவம்பர் 10ஆம் நாள் அல்பிரட் வடல் என்பார் தலைமையில் ஆயுதந் தாங்கியோர் கறுப்பினப் பத்திரிகையொன்றின் அலுவலகத்தை எரித்து, பலரைக் கொன்று, நகரத் தலைவரையும் உறுப்பினரையும் பதவி துறக்கச் செய்தனர். அன்றே வடல் நகரத் தலைவரானார். மத்திய அரசு வாளாவிருந்தது. இந்நிகழ்ச்சி நெடுங்காலம் ‘இனக்கலவரம்’ என்றே நூல்களிற் குறிக்கப்பட்டது. அம்மாநிலம் அமைத்த ஆணைக்குழு தன் முழு அறிக்கையை வெளியிட்டது 2006இலேயாகும்.

இவ்விடத்து வரலாற்றாசிரியரின் பொறுப்பும் நோக்கற்பாலது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டனிங்கும் அவர்தம் மாணவரும் புனரமைப்புக் காலத்தை ஊழலும் அறியாமையும் மலிந்த காலமாகச் சித்திரித்தனர். அவ்வெழுத்து வாக்குரிமைப் பறிப்புக்கு அறிஞர் அளித்த சான்றிதழாயிற்று. 1935இல் டுபொய்ஸ் எழுதிய நூல் இக்கொள்கையைத் தகர்த்து, கறுப்பின மக்கள் சனநாயகத்தை ஆக்கியோர் என நிறுவியது. ஆயினும் கல்வியுலகம் அதனை உரியவாறு ஏற்கப் பல பத்தாண்டுகள் சென்றன. 1988இல் வெளிவந்த எரிக் போனரின் பெருநூல் அவ்வாய்வு மரபை நிலைநிறுத்தியது.

1901இற் காங்கிரசை விட்டு நீங்கிய வட கரோலினாவின் ஜோர்ஜ் வைற்றுக்குப் பின், தென் மாநிலமொன்றிலிருந்து கறுப்பினத்தவர் ஒருவர் அங்கு மீண்டும் புகுந்தது 1973இலாகும். இடையிற் கழிந்தவை எழுபத்திரண்டு ஆண்டுகள். 1965 மார்ச்சில் செல்மா நகரில் அமைதியாக ஊர்வலஞ் சென்றோர் பொலிசாரால் அடிக்கப்பட்டதன் பின்னரே அவ்வாண்டு ஓகஸ்ற் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் ஒப்பமிடப்பட்டது. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர் 6.7 வீதத்திலிருந்து 1967இல் 59.8 வீதமாக உயர்ந்தனர். அழிக்கப்பட்டதை மீட்கச் சட்டத்தால் இயலும் என்பதற்கும், அதற்குக் கொடுக்கவேண்டிய விலை எத்தகையது என்பதற்கும் இது சான்று.

இப்பின்னணியிலேயே அண்மைக்கால நிகழ்ச்சிகள் நோக்கப்படல் வேண்டும். 2013இல் உயர் நீதிமன்றம், தேர்தல் விதிகளை மாற்றுமுன் குறித்த சில மாநிலங்கள் சமஷ்டி அனுமதி பெறவேண்டுமென்ற ஏற்பாட்டை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையாற் செயலிழக்கச் செய்தது. 2021 சனவரி 6ஆம் நாள், தேர்தலில் தோற்ற சனாதிபதி ட்ரம்பின் ஆதரவாளர், வாக்குகளை எண்ணக் கூடிய காங்கிரசின் மாளிகையுட் புகுந்தனர். அவ்வெண்ணிக்கையை நெறிப்படுத்திய சட்டம் 1876ஆம் ஆண்டுப் பிணக்கின் விளைவாக 1887இல் ஆக்கப்பட்டது. அதன் தெளிவின்மை 2022இலேயே திருத்தப்பட்டது. 2025 சனவரியில் மீண்டும் பதவியேற்ற ட்ரம்ப், அந்நாட் குற்றங்கள் தொடர்பான ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பளித்தார்.

1876ஐயும் 2021ஐயும் ஒன்றெனக் கூறுதல் பிழை. 2021இல் நீதிமன்றங்கள் வழக்குகளைத் தள்ளின. தோற்றவரின் கட்சியைச் சேர்ந்த மாநில அலுவலர் சிலரும் பொய்க்கணக்குக்கு உடன்பட மறுத்தனர். எண்ணிக்கை மறுநாள் அதிகாலையில் நிறைவுற்றது. எனினும் கொல்பக்சும் வில்மிங்ரனும் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. வன்முறை தானாகவே சனநாயகத்தை வீழ்த்துவதில்லை. அது தண்டிக்கப்படாது விடப்படும்போதும், சட்டம் அதன் பயனை உறுதிசெய்யும்போதும், வரலாறு அதற்கு நியாயம் எழுதும்போதுமே சனநாயகம் வீழ்கின்றது. முதலிரண்டையும் தடுத்தல் ஆள்வோர் கடன். மூன்றாவதைத் தடுத்தல் பல்கலைக்கழகங்களில் வரலாறு பயில்வோர், பயிற்றுவோர் கடனாகும்.