பசித்த கைகள் வெட்டிய கால்வாய்

இருப்புப்பாதையே இல்லாத பெரிய நிகோபார்த் தீவின் விழா மலருக்கு, இருப்புப்பாதை எழுத்தராகிய நாம் கட்டுரை எழுதப் புகுந்தது அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால் மழைக்கும் பசிக்கும் சரக்கு வண்டிக்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர் வரலாற்றில் ஆழப் பதிந்த ஒன்று. இரு பருவக்காற்றாலும் மழை பெறும் கேம்பல் பே வாழ் தமிழர்கள், தாயகத்தில் மழை பொய்த்த ஒரு காலத்தை நினைவுகூர்தல் நலம் எனக் கருதுகிறோம்.

முதியோர் வாயில் 'தாது வருடப் பஞ்சம்' என்ற சொல்லை நம்மிற் பலர் கேட்டிருப்போம். 1876ஆம் ஆண்டு, தமிழ்நாட்டுக் கடற்கரை பெரிதும் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் துயர் நீடித்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாக வெப்பமுற்றதே இதற்குப் பெருங்காரணம் என்று இக்கால அறிஞர் கூறுவர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அக்காலத்தில் ரயில் ஓடவில்லையா? ஓடியது. கப்பலும் வந்தது. சென்னைக் கடற்கரையில் அரிசி மூட்டைகள் குவிந்தன. ஆயினும் விலை ஏறிற்று. வாங்கும் ஆற்றல் ஏழைக்கு இல்லை. சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு இது ஒரு பாடம். தானியம் நிலையத்தில் இறங்கினாலே அது பசித்தவன் வயிற்றை அடைந்துவிட்டதாகப் பொருளன்று.

அரசினர் நிவாரண வேலைகளைத் திறந்தனர். அவற்றுள் ஒன்று, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளக் கால்வாய். 1877, 1878ஆம் ஆண்டுகளில் பஞ்சக் கூலிகள் அதனை வெட்டினர். 1806ஆம் ஆண்டளவில் எண்ணூர் நோக்கித் தோண்டத் தொடங்கப்பெற்றுப் பின் வடக்கே நீண்ட உப்புநீர்க் கால்வாய், இவ்விணைப்பினால் தென்பகுதியோடு தொடர்ந்தது. அந்நாள் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரே அதற்கு இடப்பட்டது. மண் சுமந்தவர் பெயர் ஒன்றேனும் எஞ்சவில்லை.

அவர்கள் பெற்ற கூலி யாது? 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த திட்டப்படி, வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்திற்குரிய காசும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவிற்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இவ்வுணவு உழைப்பவன் உயிரைக் காக்காது என வன்மையாக மறுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் அழிந்தவர் மீளவில்லை. 1880இல் அறிக்கையளித்த பஞ்ச ஆணையம், வேலை தேடி வருவோர்க்கு உடல் தளராது உண்ணப் போதிய கூலி தரவேண்டும் என்ற நெறியை வற்புறுத்தியது. பஞ்ச விதிகள் அதன்பின் எழுந்தன. எத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற நெறி அது!

ஊரில் கஞ்சி கிடைக்காதோர் கூட்டங்கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தனர். 1969 முதல் அரசின் அழைப்பை ஏற்று இத்தீவில் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களின் பயணம் வேறு வகையினது. எனினும் பிறந்த மண்ணைப் பிரியும் வருத்தம் இருவர்க்கும் பொதுவே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவைச் சிதைத்ததை இங்குள்ளோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதே நாளில், பெத்தகஞ்சாம் முதல் சென்னை வரை பக்கிங்காம் கால்வாய் அலைநீரைத் தன்னுள் வாங்கிக் கரையோர மக்கள் பலரைக் காத்தது என ஆய்வாளர் எழுதியுள்ளனர். அந்நெடிய கால்வாய் முழுவதும் பஞ்சத்தில் வெட்டப்பட்டதன்று; எட்டுக் கிலோமீட்டரே அக்கூலிகளின் பங்கு. அப்பங்கையும் நாம் பேணினோமா? நகரில் அது சாக்கடையாயிற்று. பறக்கும் ரயிலின் தூண்களே அதன் நடுவில் நிற்கின்றன. ரயில்வே ஊழியராகிய நாம் இதனை மறைத்தல் முறையன்று.

வறட்சி நிவாரணம் பிச்சையன்று, உழைப்பவனுக்குரிய உரிமை. அவன் வெட்டி வைத்த நீர்வழி வருங்காலத்தின் சொத்து. மழை மிகுந்த இத்தீவிலும் ஓடைகளைத் தூர்க்காது காத்தல் நம் கடன். பெயரற்றுப் போன அம்முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி இதுவே.