பிரேக் கட்டையின் சரித்திரம்

பெங்களூரில், கிழக்கு ரெயில் நிலையத்துக்கு அருகே, காக்ஸ் டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. ‘தண்டு’ என்று நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் கண்டோன்மென்டைச் சேர்ந்தது அது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிய நாள்தொட்டு, சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கைத்தொழிலாளர்களாகவும் தமிழ் மக்கள் அங்கே குடியேறலாயினர். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரெயில் ஓடத் தொடங்கியபின் அவர்கள் தொகை மேலும் பெருகிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் காக்ஸ் டவுன் தெருக்களில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வீட்டு வாசலில் கோணியை விரித்து, மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் பிரேக்கைச் சரிபார்த்துக் கொண்டிருப்பார்.

அத்தகைய ஒரு ஞாயிறன்று நாமும் ஒரு பழைய வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி அமர்ந்தோம். பிரேக் உருளைக்குள் கருநிறத் தூள் கனமாகப் படிந்திருந்தது. குனிந்து அதை வாயால் ஊதப் போன சமயத்தில், எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “தம்பி, ஊதாதே! ஈரத் துணியால் துடை!” ரெயில்வேப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் குரல் அது. காரணம் என்னவென்று கேட்டோம். “அது வெறும் புழுதி அல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே சென்றுவிட்டார். அந்தச் சொல்லின் பொருளைத் தேடிச் சென்ற போது நமக்குக் கிடைத்த சரித்திரத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

தமிழில் நாம் ‘பிரேக் கட்டை’ என்கிறோம். இன்று அதில் மரம் சிறிதும் இல்லை. ஆயினும் அந்தப் பெயர் பழைய உண்மையை மறவாமல் காத்து வருகிறது. மலைப்பாதையில் இறங்கும் பார வண்டிகளில், மரக்கட்டையைச் சக்கரத்தின் விளிம்பில் அழுத்தியே வேகத்தைத் தணித்தார்கள். மேல்நாட்டிலும் அப்படியே. இறக்கத்தில் சக்கரத்துக்கு அடியில் இட்டு இழுபட விடும் இரும்பு மிதிக்கு அங்கே ‘ஷூ’ என்று பெயர். நம் பட்டறைகளில் இன்று வழங்கும் ‘பிரேக் ஷூ’ என்னும் பெயர் அந்த மரபில் வந்தது. நம் சொல் கட்டையை நினைவூட்டுகிறது. அவர்கள் சொல் பாதணியை நினைவூட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்று சேர்ந்த கதையும் உண்டு.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனி தேசத்தில், மோட்டார் வண்டியை நிருமாணித்த கார்ல் பென்ஸின் மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரோடு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியிலேயே பிரயாணம் செய்தார். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் இருந்த இறக்கங்களில் மரக்கட்டைகள் தேய்ந்து போயின. அம்மையார் ஒரு சக்கிலியரிடம் சென்று, கட்டைகளின் மேல் தோலை அடித்துத் தரச் செய்தார். பிரேக் லைனிங் என்பதன் பிறப்பாக மோட்டார் சரித்திரக்காரர்கள் குறிப்பிடும் நிகழ்ச்சி இதுதான். வழியில் நின்று, கைக்கு எட்டிய பொருளைக்கொண்டு செய்த பழுதுபார்ப்பே அது என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த பத்தாண்டுக்குள், 1897-இல், இங்கிலாந்தில் டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக் கட்டைகளுக்கென்றே உராய்வுப் பொருள் செய்யத் தொடங்கினார். குதிரை வண்டிக்காரர்கள் கட்டையின் மேல் பழைய பூட்ஸைக் கட்டி ஓட்டுவதைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் உதித்ததென்பர். தம் பெயரின் எழுத்துக்களை மாற்றி அமைத்து, அவர் தம் பொருளுக்கு ‘ஃபெரோடோ’ என்று பெயரிட்டார்.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லுதல் வேண்டும். ஓடும் வண்டியில் உள்ள சக்தி, வண்டி நிற்கும்போது மறைந்துபோவதில்லை; உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. வேகம் இருமடங்கானால் அந்தச் சக்தி நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதை நிறுத்த நான்கு மடங்கு வெப்பத்தை அந்தச் சிறு துண்டு தாங்க வேண்டும். வண்டிகளின் வேகம் ஏற ஏற மரம் கருகிற்று, தோல் கருகிற்று, பருத்தி நெசவும் கருகிற்று. கருகாத நார் ஒன்று தேவைப்பட்டது.

அந்த நாரைப் பூமியே தந்தது. அதுதான் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்று உலகம் அழைக்கும் பொருள். பாறைக்குள் நாராக விளைந்திருக்கும் விந்தை அது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், நெருப்பில் இட்டாலும் எரியாது, விலையும் மலிவு. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பிரேக் லைனிங்குகளில் அது இடம் பெற்றுவிட்டது. 1902-இல் பிரான்சு தேசத்தின் லூயி ரெனோ வகுத்த உருளைப் பிரேக்குக்கும் கல்நாருக்கும் பொருத்தம் நன்றாக வாய்த்தது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்காலம், உலகத்தில் ஓடிய வண்டிகளுள் மிகப் பலவற்றை நிறுத்தியது கல்நாரே.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து ஆலையொன்றில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண்மணி, 1924-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தம் 33-ஆம் வயதில் காலமானார். அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக், அதில் கல்நார்த் துகள்கள் பதிந்திருந்ததை மருத்துவ இதழில் எழுதினார். 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு விரிவான அறிக்கை அளித்தனர். மறு ஆண்டிலேயே ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்பவரும் அவர் தோழர்களும், கல்நாரோடு தொடர்புடைய ஒருவகைப் புற்றுநோயைப் பற்றி எழுதினர். நோய் உடனே தோன்றுவதில்லை. தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தோன்றும். ஆகையால்தான் காரணமும் காரியமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

பிரேக் உருளைக்குள் சேரும் தூளில், கல்நாரின் பெரும்பகுதி வெப்பத்தினால் தன் நார்த்தன்மையை இழந்துவிடுகிறது. எனினும் ஒரு பகுதி நாராகவே எஞ்சி நிற்கும். புதிய லைனிங்கை அரத்தால் தேய்க்கும் போதும், துளையிடும் போதும் எழும் தூசியோ இன்னும் கொடியது. கண்ணுக்குத் தெரியாத அந்த நார்கள் ஊதினால் எழும்பி, நெடுநேரம் காற்றில் மிதக்கும். பெரியவர் நம்மைத் தடுத்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1955-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து ‘புல்லட்’ வண்டியை உருவாக்கத் தொடங்கின. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை எழுந்தது. 1996-இல் மூடப்படும் வரை அங்கிருந்து ஜாவா, யெஸ்டி வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இவை யாவும் உருளைப் பிரேக் உடையவை. பிரேக்குகளும் லைனிங்குகளும் செய்யும் தொழில் சென்னையைச் சுற்றியே பெரிதும் வளர்ந்தது நமக்குப் பெருமை தருவதாகும். 1962-இல் பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் ரானே, 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. பாடியிலும் அம்பத்தூரிலும் உழைத்த தமிழர் கைகள், பாரத தேசத்தின் வண்டிகளை நிறுத்தி வைத்தன என்று சொன்னால் மிகையாகாது.

உருளைக்குள் அடைபட்ட வெப்பம் எளிதில் வெளியேறாது என்பது பழைய முறையின் குறை. அதற்கு மாற்றான வட்டுப் பிரேக்கை 1902-லேயே இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் பதிவு செய்துவிட்டார். ஆயினும் அவர் காலத்துச் செம்புத் துண்டுகள் செவியைத் துளைக்கும் ஓசை எழுப்பியதால் அது பரவவில்லை. 1962-இல் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்றிலும், 1969-இல் ஜப்பானின் ஹோண்டா சி.பி. 750 மோட்டார் சைக்கிளிலும் வட்டுப் பிரேக் வந்தது. நம் நாட்டில் 1980-களில் என்ஃபீல்டின் ‘ஃபியூரி’ வண்டி அதைத் தாங்கி வந்தது. எனினும் பொதுமக்களிடையே அது பரவியது, 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். போன்ற வண்டிகளுக்குப் பிறகே. வட்டின் இருபுறமும் நெருக்கும் துண்டுகளுக்கு ‘பிரேக் பேட்’ என்று பெயர். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் சட்டத்தால் கட்டாயமாயிற்று.

கல்நாரின் காலமும் படிப்படியாகச் சாய்ந்தது. 1995-இல் நம் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியம் அவன் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்து, கல்நார் ஆலைகள் தொழிலாளரின் மருத்துவக் குறிப்புகளை 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டுமென்றும் விதித்தது. 1999-இல் பிரிட்டன் கல்நாரை முற்றிலும் விலக்கிற்று. இன்று பெயர்பெற்ற நிறுவனங்களின் பேடுகளிலும் ஷூக்களிலும் கல்நார் இல்லை. ஆனால் பழைய வண்டியின் உருளைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய முடியாது. பெயரில்லாத மலிவுச் சரக்கிலும் அப்படியே. ஆதலால் எந்தப் பிரேக் தூளையும் கல்நார் என்றே கருதி நடப்பதுதான் அறிவுடைமை.

இந்தச் சரித்திரம் வாசலில் கோணி விரிப்பவருக்குக் கற்பிப்பது யாது? தூளை ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். முகத்தை மூடி, நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்துணியை உறையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, இன்று மூவகைப் பேடுகள் கிடைக்கின்றன. பிசினும் நாரும் சேர்ந்தது முதல்வகை; மென்மையானது, ஓசை குறைவு, விரைவில் தேயும். உலோகத் தூளைப் பிசினோடு கலந்தது இரண்டாம் வகை. உலோகத் தூளையே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்தது மூன்றாம் வகை. மழையிலும் வெப்பத்திலும் நன்கு பிடிக்கும், ஆனால் அதற்கென்று அமையாத வட்டை அரித்துவிடும். விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணாமல், வண்டியின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதையே வாங்குவது நலம்.

பேடின் உராய்வுப் பகுதி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ, அதிலுள்ள அடையாளக் கோடு மறைந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு வட்டின் இரு பேடுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியவை தடிமனானவை ஆதலால் பிஸ்டன்களை மெல்லப் பின்னுக்குத் தள்ளும்போது, மேலுள்ள கிண்ணத்தில் பிரேக் திரவம் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வண்டியின் வர்ணத்தைக் கெடுத்துவிடும். எண்ணெய் பட்ட பேடு பிடிக்காது. பூட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துமுன் கைப்பிடியைப் பலமுறை அழுத்தி அது இறுகுகிறதா என்று காணுங்கள். இதை மறந்து தெருமுனையில் கை வெறுமனே சென்றவர் பலர். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை திடீரென்று பிடிக்காமல் மெல்லப் பழக்குங்கள். கைப்பிடி பஞ்சுபோல் மென்மையாகத் தோன்றினாலும், திரவம் கசிந்தாலும், நம் கைவரிசையை அங்கேயே நிறுத்தி, தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

இயந்திரத்தின் மற்ற உறுப்புகள் தேயாதிருக்க வேண்டுமென்று செய்யப்படுகின்றன. பிரேக் கட்டையோ தேய்வதற்கென்றே செய்யப்படுகிறது. அது தேய்ந்து நம்மைக் காக்கிறது. ஆனால் தேய்ந்த பொருள் எங்கே போகிறது, யார் மூச்சில் போகிறது என்று கேட்க உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. தொலைவான ஊர்களில் தொழில் செய்து வாழும் நம்மவருள் எத்தனையோ பேர் பட்டறைகளில் நாள்தோறும் பிரேக் உருளைகளைத் திறக்கிறார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் நமக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை, அவர்களில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கேனும் நீங்கள் சொல்வீர்களாயின், இந்தப் பேச்சு தன் பயனைப் பெற்றதாகும்.